காதுகுத்துக்கு முன்னாலா, பின்னாலா?

"இல்லை என்று நிரூபிக்கப்படவில்லை." இப்படி ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குகிற ஆளை நான் ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும். பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

நான் ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. குடவாசல் பக்கத்தில் நான் வேலை பார்த்த துணை சுகாதார நிலையத்தில் இப்போது எழிலரசி என்ற பெண் கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கிறாள். போன மாதம் ஒரு புதன்கிழமை எனக்குப் போன் செய்தாள். எங்கள் பக்கம் புதன்கிழமை என்றால் குழந்தைகளுக்குத் தடுப்பூசி நாள்.

"அக்கா, ரெண்டு பேரு தட்டம்மை ஊசி வேணாம்னு திரும்பிப் போயிட்டாங்கக்கா. ஊசியால ஆட்டிசம் வராதுன்னு நிரூபிக்கலன்னு வெளிநாட்டு அரசாங்கமே போட்டிருக்காம். போனைக் காட்டுறாங்க. நான் என்னத்தச் சொல்றது?"

அவளுக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. கோபத்தில் கத்தினேன். பாவம், அவளைப் போய். ஆத்திரம் அடங்கிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். அது அடங்குகிற மாதிரி தெரியவில்லை, அதனால் இப்போதே எழுதுகிறேன்.

என் வீட்டுக் கொல்லையில் ஒரு நாளும் யானை வந்ததில்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. நீ தூங்கும்போது வந்து போயிருக்கலாமே என்று ஒருவன் கேட்டால் நான் என்ன செய்வது? ஆனால் சேற்றில் கால்தடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். பார்த்தார்கள். பல நாடுகளில், லட்சக்கணக்கான குழந்தைகளை, ஊசி போட்டவர்கள் ஒரு பக்கம் போடாதவர்கள் ஒரு பக்கம் என்று வைத்து வருடக்கணக்கில் பார்த்தார்கள். ஊசி போட்ட பக்கத்தில் ஆட்டிசம் கூடுதலாக இல்லை. முதன்முதலில் இந்தப் பழியைக் கிளப்பிய டாக்டரின் கட்டுரை மோசடி என்று வெளிச்சத்துக்கு வந்து, அதை அச்சிட்ட பத்திரிகையே திரும்பப் பெற்றுக்கொண்டது. அவரை மருத்துவர் பட்டியலிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் "நிரூபிக்கவில்லையே" என்று இழுப்பதற்கு அறிவியல் என்று பெயர் வைக்கிறார்கள். அது வம்பு. வேறொன்றும் இல்லை.

இதைச் சொல்ல எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. தஞ்சாவூரில் ஒன்றரை வருடம் பயிற்சி. சாத்துக்குடியில் ஊசி குத்திப் பழகியதையும் விடுதிச் சாம்பாரைத் திட்டியதையும் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. உண்மையான பயிற்சி முதல் வேலையில்தான் நடந்தது. கோடியக்கரைப் பக்கம், உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் குடியிருப்பு. நான் சேர்ந்த இரண்டாம் மாதமே தட்டம்மை வீடு வீடாக இறங்கியது. மணல்வாரி என்பார்கள் அங்கே. வாசலில் வேப்பிலை செருகி, அம்மா வந்திருக்கிறாள், மருந்து ஆகாது என்றார்கள். நான் சின்னப் பெண், எதிர்த்துப் பேசப் பயந்தேன். மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு அம்மை இறங்கிய பிறகு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. நாகப்பட்டினம் போகிற வழியில், வேனிலேயே, என் மடியில் போய்விட்டது. போனில் செய்தி அனுப்புகிறவர்கள் யாரும் அந்த வேனில் இல்லை.

சரி, சுகந்தி என்ற பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் டாக்டர் ஜபருல்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கூத்தாநல்லூர்க்காரர். என் கடைசிப் பத்து வருடத்தில் எங்கள் வட்டார மருத்துவ அலுவலர். மெலிந்த ஆள், குரலும் மெலிசு. அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரண நாளில் "சிஸ்டர், இங்க வாங்க" என்பார். "கொஞ்சம் தயவு பண்ணி உக்காருங்களேன் சிஸ்டர்" என்றால் நம் கதை முடிந்தது என்று அர்த்தம். தடுப்பூசிக்குப் பிறகு ஒரு குழந்தைக்கு எது நடந்தாலும், ஊசியால் நடந்தாலும் நடக்காவிட்டாலும், விசாரித்து எழுத வேண்டும். அந்த விசாரணைக்குப் போகும்போது அவர் ஒரு வெள்ளைத் தாளை நீளவாக்கில் மடிப்பார். இடது பக்கம் "கண்டது" என்று எழுதுவார். வலது பக்கம் "கேட்டது". யார் எதைச் சொன்னாலும், "இது நீங்க கண்டதா, கேட்டதா?" என்று கேட்டு அந்தந்தப் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வார். விசாரணை முடியும் வரை அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

சுகந்தி என் பகுதியில் ஒரு சின்ன ஊர்க்காரி. ஊர்ப் பெயர் வேண்டாம். கணவன் பாலமுருகன் சிங்கப்பூரில் வேலை செய்தான். மூத்த பையன் கவின். ஒன்றரை வயதில் போட வேண்டிய ஊசிகளை அவனுக்கு நான்தான் போட்டேன், இரண்டாம் தவணைத் தட்டம்மை ஊசியும் அதில் ஒன்று. அதன் பிறகு பையன் பேசவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. மூடியைக் கொடுத்தால் மணிக்கணக்கில் சுழற்றிக்கொண்டே இருந்தான். ஆட்டிசம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அடுத்த நாளே குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். ஊசி. ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போனது யார்? சுகந்தி. தீர்ந்தது வழக்கு.

அதற்குப் பிறகு டவுனில் ஒரு ஆள் "ஊசி விஷத்தை இறக்குகிறேன்" என்று சொல்லிப் பொடி கொடுத்தான். பால் கூடாது, கோதுமை கூடாது, பொடி மட்டும் இரு வேளை. குழந்தை வாந்தி எடுத்தால் விஷம் இறங்குகிறது என்று அர்த்தமாம். இரண்டு வருடத்துக்கு மேல் நடந்திருக்கிறது இது. ஊர் முழுக்கச் சுற்றுகிற எனக்கு இந்தப் பொடி விஷயம் தெரியவே தெரியாது. என்னைக் கண்டால் அந்த வீட்டில் கதவைச் சாத்திவிடுவார்கள், நானும் சரிதான் போ என்று விட்டுவிட்டேன்.

பிறகு இரண்டாவதாகப் பெண் குழந்தை. ஒன்பது மாதம் முடிந்ததும் முதல் தட்டம்மை ஊசிக்கு அழைக்கப் போனேன். அதற்குள் ஊருக்குத் திரும்பியிருந்த பாலமுருகன், நேராகக் கலெக்டரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்துவிட்டான். என் பெயர் போட்டு. அதனால்தான் டாக்டர் தாளை மடித்துக்கொண்டு கிளம்பினார். பின்னால் நான்.

வீட்டில் பாலமுருகன், அவன் அக்கா, சுகந்தி. கவின் மூலையில் ஒரு ஊறுகாய் பாட்டில் மூடியோடு உட்கார்ந்திருந்தான். நான்கு வயது. டாக்டர் முதலில் அவனிடம் போனார். பின்னால் நின்று சாவிக்கொத்தை மெதுவாக ஆட்டினார். அவன் சாவியைத் திரும்பிப் பார்த்தான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், திரும்பவில்லை. காது கேட்கிறது என்று இடது பக்கத்தில் எழுதினார்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"ஊசி போட்ட மூணாம் நாள்லேர்ந்து சார்" என்றான் பாலமுருகன்.

"நீங்க கண்டதாங்க?"

"நான் அப்ப சிங்கப்பூர்ல இருந்தேன். அக்கா சொன்னாங்க."

டாக்டர் வலது பக்கத்தில் எழுதினார். "நீங்க கண்டீங்களாம்மா?" என்று அக்காவைக் கேட்டார்.

"இதே மாதிரி ஊசி போட்ட எத்தனையோ புள்ளைங்க ஆயிருக்குன்னு வீடியோவுல ஒரு டாக்டரே சொல்றாரு சார்."

அதுவும் வலது பக்கம். வலது பக்கம் நிரம்பிக்கொண்டே வந்தது. கடைசியாகச் சுகந்தியிடம் திரும்பினார். அவள் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

"நீங்க என்னம்மா கண்டீங்க?"

"காதுகுத்து அன்னைக்கே அவன் திரும்பலைங்க சார்" என்றாள். "குலதெய்வக் கோயில்ல. தவிலு அந்த அடி அடிக்குது, எல்லாப் புள்ளையும் அழுவுது. இவன் விளக்கையே பாத்துக்கிட்டு இருந்தான். எங்கண்ணன் மடியில வச்சிக்கிட்டு கவினு கவினுன்னு கூப்புடுறாங்க, திரும்பவே இல்ல. ஊசி அதுக்கு அப்பறந்தாங்க போட்டுச்சு."

"பொய் சொல்றா சார்" என்று பாலமுருகன் பாய்ந்தான். தடுப்பூசி அட்டையைக் கொண்டுவந்து மேசையில் அடித்தான். "ஊசி, மாசத்தோட கடைசிப் புதன்கிழமை. காதுகுத்து, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை. அவங்க கைப்பட எழுதியிருக்காங்க, பாருங்க. ரெண்டரை வருசமா இதே பொய்யத்தான் சொல்றா. தான் தூக்கிட்டுப் போன தப்பை மறைக்கிறதுக்கு."

டாக்டர் என்னைப் பார்த்தார். சுகந்தியும் பார்த்தாள்.

நான் அட்டையிலிருந்த என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இங்கேதான் எங்கள் வேலையின் ஒரு அசிங்கத்தைச் சொல்லியாக வேண்டும். மாதக் கடைசியில் அறிக்கை போகும். அந்த மாதம் ஊசி போட வேண்டிய குழந்தைகளில் ஒன்று விட்டுப்போனாலும் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைத்துக் கேட்பார்கள். விட்டுப்போகும், போகாமல் இருக்காது. நடவு என்பார்கள், ஊருக்குப் போகிறோம் என்பார்கள். எல்லாவற்றையும்விட அதிகம் விசேஷத்துக்குத்தான் தள்ளிப்போடுவார்கள். ஊசி போட்டால் காய்ச்சல் வரும், காய்ச்சலோடு எப்படி மொட்டை அடித்துக் காது குத்துவது? நியாயமான கேள்விதானே. "காதுகுத்து முடிஞ்சு அடுத்த புதங்கிழமை தூக்கிட்டு வந்துடுறேன் நர்சம்மா" என்றாள் சுகந்தி. சரி என்றேன். அடுத்த புதன் அடுத்த மாதத்தில் விழுந்தது. அதனால் பதிவேட்டில் கடைசிப் புதனிலேயே போட்டதாக எழுதி அறிக்கையை அனுப்பிவிட்டேன். சொன்னபடி அவள் வந்தாள், ஊசி போட்டேன், பதிவேட்டோடு ஒத்துப்போக அட்டையிலும் பழைய தேதியையே எழுதிக் கொடுத்தேன். முன்தேதி போடுவது என்போம். எல்லோரும் செய்தது. ஒரு வாரத்தில் யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்தோம்.

என்ன கெட்டது என்பது என் எதிரில் குழந்தையை இடுக்கிக்கொண்டு நின்றது. அவள் முதல் நாளிலிருந்தே உண்மையைச் சொல்லியிருக்கிறாள். என் கையெழுத்து அவளைப் பொய்க்காரி ஆக்கியிருக்கிறது. அது தெரிந்த பிறகும் நான் பேசாமல் நின்றேன். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. அந்தப் பயம். இதற்கு மேல் அதற்கு விளக்கம் இல்லை.

டாக்டர் அட்டையைப் படம் எடுத்துக்கொண்டார். அதே குப்பியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட மற்றக் குழந்தைகளின் வீடுகளுக்கு அன்று மாலைக்குள் போய்ப் பார்த்தார். எல்லாம் நன்றாகவே ஓடியாடிக்கொண்டிருந்தன. அதையும் எழுதிக்கொண்டார். வட்டார ஆஸ்பத்திரிக்கு வந்து, மருந்துக் குளிர்பெட்டியின் பழைய இருப்புப் பதிவேடுகளைத் தூசி தட்டி எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு தொகுதி மருந்துக்கும் ஒரு எண் உண்டு. எந்தத் தொகுதி எந்த நாளில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது என்று அதில் இருக்கும். அரை மணி நேரம் விரலால் தடவிக்கொண்டே போனார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் தயவு பண்ணி உக்காருங்களேன் சிஸ்டர்."

உட்கார்ந்தேன்.

"அட்டையில மருந்தோட தொகுதி எண் எழுதியிருக்கீங்க. குப்பியைக் கையில வச்சிக்கிட்டுப் பாத்து எழுதியிருப்பீங்க, அது உங்க நல்ல பழக்கம். அந்தத் தொகுதி திருவாரூர்லேர்ந்து நமக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமைங்க. காதுகுத்துக்கு ரெண்டு நாள் கழிச்சு. அப்ப அதுக்கு முந்தின வாரமே நீங்க அதை எப்படிங்க போட்டீங்க?"

அழுதேன். அழுகை அவரிடம் செல்லாது. எதிரே உட்கார்ந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். அழுது முடிந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. "ஊசிக்கும் நோய்க்கும் சம்பந்தம் இல்லைன்னு எழுதி ஃபைலை மூடுங்க டாக்டர். தேதியை ஏன் கிளறுறீங்க? பேப்பர்ல வந்தா ஒருத்தன் ஊசி போட வர மாட்டான்."

"ஐயா பெரியவங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் டாக்டர். மரியாதை அந்த உச்சத்துக்குப் போய் நான் பார்த்ததில்லை. "ஆனா இந்தத் தேதியை நாம திருத்தலைன்னா, புள்ளைக்கு ஊசிக்கு அப்பறந்தான் வந்துச்சுன்னு நம்ம பதிவேடே சாட்சி சொல்லுதுங்களே. அதோட அந்தப் பொண்ணு பொய்க்காரியாவே இருக்கட்டும்னு அரசாங்க உத்தரவு ஏதாவது இருக்குதுங்களா?"

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

மறுநாள் அந்த வீட்டில் நான்தான் சொன்னேன். சொல்ல வேண்டியது நீங்கள் என்று டாக்டர் வாசலிலேயே சொல்லிவிட்டார். "தேதி நான் மாத்தி எழுதினதுதான். சுகந்தி சொன்னதுதான் நெஜம். காதுகுத்து முடிஞ்ச பிறகு வந்த புதன்கிழமைதான் ஊசி போட்டேன்."

பாலமுருகன் அட்டையை எடுத்து இன்னொரு முறை பார்த்தான். பிறகு கேட்டான். "தேதியையே பொய்யா எழுதுறவங்க, ஊசி நல்லதுன்னு சொன்னா நான் எப்படி நம்புறது?"

இத்தனை வருட வேலையில் என்னை யாரும் இதைவிட நியாயமான கேள்வி கேட்டதில்லை.

"நம்ப வேணாங்க" என்றார் டாக்டர். "இவங்களையும் நம்ப வேணாம், என்னையும் நம்ப வேணாம். காதுகுத்து வீடியோ இருக்கும்ல, போடுங்க. பாப்போம்."

பாலமுருகன் போனில் போட்டான். எங்கள் எல்லோர் தலைகளும் அந்தச் சின்னத் திரையின் மேல் கவிழ்ந்தன. தவில், நாகஸ்வரம், மொட்டைத் தலையில் சந்தனம். தாய்மாமன் மடியில் கவின். "கவினு, இங்க பாருடா, மாமாவைப் பாரு." பதினோரு முறை. டாக்டர் எண்ணினார். குழந்தை ஒரு முறையும் திரும்பவில்லை. பித்தளை விளக்கில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இன்னொரு குழந்தை, அவனைவிடச் சின்னது, தவில்காரரைக் கை நீட்டிக் காட்டிச் சிரிக்கிறது. இத்தனை நாளும் இதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அட்டையிலிருந்த தேதியை வைத்துக்கொண்டு, பார், ஊசி போட்ட நாலாம் நாளே எப்படி ஆகிவிட்டான் என்று பார்த்திருக்கிறார்கள்.

பாலமுருகனின் அக்கா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

"ஒரு புள்ளையை வச்சு ஊசி நல்லதா கெட்டதான்னு முடிவு பண்ண முடியாதுங்க" என்றார் டாக்டர். "நீங்களும் பண்ணக் கூடாது, நானும் பண்ணக் கூடாது. அதுக்கு லட்சக்கணக்கான புள்ளைங்களைப் பாக்கணும். பாத்துட்டாங்க, சம்பந்தம் இல்ல. ஒன்றரை வயசுலதான் புள்ளை பேசணும், கைகாட்டணும்னு நாம எதிர்பாக்குறோம். அப்பதான் கொறை கண்ணுக்குத் தெரியுது. ஊசியும் அதே வயசுல வருது. அவ்வளவுதாங்க. உங்க புள்ளைக்கு இது ஊசிக்கு முன்னாடியே இருந்துச்சு, அதை நாம எல்லாரும் இப்பக் கண்டோம்."

"அப்ப எதனாலதான் சார் வந்துச்சு?"

"இன்னதுதான்னு உங்க புள்ளைக்கு என்னால சொல்ல முடியாதுங்க. பெரும்பாலும் பொறக்கும்போதே உள்ளதுன்னுதான் தெரியுது. உங்க வீட்டுக்காரம்மா செஞ்ச எதனாலயும் இல்ல."

சுகந்தி சந்தோஷப்படுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். என்ன முட்டாள்தனம். அவள் கணவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "இத்தனை நாளும் எங்க வீட்டுல என்னையப் பேசின பேச்சு அவ்வளவும் உங்க கையெழுத்தை வச்சுத்தான் நர்சம்மா" என்றாள். சத்தம் போடவில்லை. மன்னித்துக்கொள் என்றேன். அவள் கவினைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள், மன்னிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது, தண்டனையும் வந்தது. சரியான தண்டனை. முன்தேதி போடச் சொல்லி நெருக்கினவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. பொடிக்காரன் கடையை மூடவில்லை. பாலமுருகனின் அக்கா பார்த்த வீடியோவில் பேசின டாக்டர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான். வெளிநாட்டில் நாற்காலியில் உட்கார்ந்து "நிரூபிக்கப்படவில்லை" என்று எழுதுகிறவனுக்கும் எந்த ஊரிலிருந்தும் குறிப்பாணை போகாது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ரத்தம் கொதிக்கிறது.

அடுத்த புதன்கிழமை சுகந்தி பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாக வந்தாள். ஊசி போட்டேன். தேதியை நான் எழுதும்போது குனிந்து படித்தாள். ஊசிக்குப் பிறகு இருக்க வேண்டிய அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பத்து நாள் கழித்துக் கவினைத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கான பயிற்சிப் பிரிவுக்குச் சுகந்தி அழைத்துப்போனாள். நானும் கூடப் போனேன், அவள் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் கவினைத் தரையில் உட்கார வைத்து, அவன் மூடியைச் சுழற்றினால் தானும் ஒரு மூடியைச் சுழற்றினாள். ரொம்ப நேரம். ஒரு கட்டத்தில் அவன் அவள் மூடியை எட்டிப் பார்த்தான். அவள் நோட்டை எடுத்து விவரம் கேட்கத் தொடங்கினாள்.

"புள்ளைகிட்ட வித்தியாசம் இருக்குன்னு எப்பங்க தெரிஞ்சுது?"

"ஒன்றரை வயசுல" என்றாள் சுகந்தி.

"இப்ப நாலு வயசு ஆகுது. சின்ன வயசுலயே ஆரம்பிச்சிருந்தா நெறய கத்துக்கிட்டிருப்பானே. இவ்வளவு நாளு என்ன பண்ணீங்க?"

சுகந்தி பையனின் தலையைத் தடவினாள்.

"யாரு தப்புன்னு பேசிக்கிட்டு இருந்தோங்க."